முதலில் சுவரா, முதலில் தூணா?

பூச்சு முடிந்த இரண்டு மாடி வீடுகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், எது தூண்-பீம் சட்டகம், எது பிணைப்புச் சுவர் என்று கண்ணால் சொல்வது கடினம். பொறியாளர்கள் கன்ஃபைன்டு மேசன்ரி என்று அழைக்கும் முறையைத்தான் இங்கே பிணைப்புச் சுவர் என்கிறேன். இரண்டிலும் மூலைகளில் கான்கிரீட் தூண், நடுவே செங்கல். நிலம் குலுங்கும்போதோ இரண்டும் வெவ்வேறு பிறவிகள். எந்த வேலை முதலில் நடந்தது என்பதே காரணம்.

சட்டகத்தில் தூணும் பீமும் தளமும் முதலில் எழும்பும். செங்கல் பிறகு வந்து இடத்தை அடைக்கும். சுமை முழுவதும் தூண் வழியே இறங்குவதாகக் கணக்கு. பிணைப்புச் சுவரில் செங்கல்தான் முதலில். தூண் வரவேண்டிய விளிம்பில் ஒரு வரி விட்டு ஒரு வரி பல் நீட்டிக் கட்டி, பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அது பற்களுக்கிடையே புகுந்து இறுகும். பிணைப்பு பீமும் தளமும் சுவரின் தலைமீதே உட்காருவதால், எடையைச் சுமப்பது சுவர். இந்த அழுத்தமே சுவருக்கு வலுவும் தருகிறது. மெக்சிகோவின் விதிகளில் சுவரின் வெட்டுத் திறனை, அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் திறனை, கணக்கிடும்போது, ஒரு மேல்வரம்புக்குட்பட்டு, செங்குத்துச் சுமையின் 0.3 மடங்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சட்டகத்தின் நிரப்புச் சுவர் கணக்கில் இல்லாவிட்டாலும் பூகம்பத்தில் சும்மா இருப்பதில்லை. சட்டகம் சாயும்போது மூலைக்கு மூலை முட்டுக்கட்டையாக நின்று, தூணின் தலையைப் பக்கவாட்டில் நெரிக்கிறது. ஜன்னலுக்காகப் பாதி உயரத்தில் நிறுத்திய சுவர், மீதித் தூணைக் குட்டையாக்கி வெட்டுண்டு போகச் செய்கிறது. வாகனம் நிறுத்தத் தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் விட்டால், நகர்வு முழுவதும் அங்கே குவிகிறது. 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாதில் சரிந்த அடுக்குமாடிகள் பலவும் இந்த வகைதான். நாம் எதற்காகச் செலவு செய்து சுவர் எழுப்பினோமோ அந்த விறைப்பே எதிரியாகிவிடுகிறது என்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பிணைப்புச் சுவரும் விரிசல் விடும். மறைக்க வேண்டியதில்லை. கிடைவிசை ஏறும்போது மூலைவிட்டமாகக் கோடு ஓடும்; ஆனால் சுற்றியுள்ள கான்கிரீட் அதை அகலவிடாமல் பிடிக்கும். சுவர் கவிழப் பார்க்கும்போது ஒரு பக்கத் தூண் இழுவிசையையும் மறுபக்கத் தூண் அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆபத்து அடுத்த கட்டத்தில்: விரிசல் தூணின் மேல், கீழ் நுனிகளுக்குள் நுழைய முயலும். அங்கே நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகள் அடர்த்தியாக இல்லையென்றால் நுனி அறுபட்டு, சுவர் திறனை இழக்கும். நடுப்பகுதியில் 200 மி.மீ. இடைவெளி என்றால் நுனிகளில் 100 மி.மீ. என்று சொல்வது இதற்காகத்தான். நெடுக்குக் கம்பிகளும் பீமுக்குள் வளைந்து நங்கூரமிட வேண்டும்; பாதியில் நின்ற கம்பி இழுவிசைக்கு உதவாது.

1939இல் சிலியின் சில்லான் பூகம்பத்திலேயே இந்த முறை தேறிவிட்டது. 2010இல் அதே நாட்டில் 8.8 அளவில் நிலம் அதிர்ந்தபோதும் உயரம் குறைந்த பிணைப்புச் சுவர்க் கட்டடங்களில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்தன. சில மூன்று மாடிக் கட்டடங்கள் தரைத்தளத்தில் சரிந்தன.

வடிவமைப்பில் சட்டகம் கேட்பது தூண்-பீம் சந்திப்புகளின் நுணுக்கம். பிணைப்புச் சுவர் கேட்பது சுவரின் அடர்த்தி, அதாவது ஒரு திசையில் நிற்கும் சுவர்களின் குறுக்குப் பரப்பைத் தளப் பரப்பால் வகுத்த எண். 80 சதுர மீட்டர் தளத்துக்கு 2 விழுக்காடு வேண்டுமென்றால் 1.6 சதுர மீட்டர், 230 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 7 மீட்டர் நீளச் சுவர், இரு திசையிலும் தனித்தனியாக. மாடிகள், மண், செங்கல்லின் வலிமை மாறினால் தேவையும் மாறும். பெரிய வாசல் உள்ள சுவரை, அதன் இருபுறமும் பிணைப்புத் தூண் இல்லாவிட்டால், கணக்கில் சேர்க்கக் கூடாது. பூகம்ப அபாயம் மிகுந்த இடத்தில் தூண்களுக்கிடையே 4.5 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

சட்டகம் வெல்லும் இடங்களும் உண்டு. அகன்ற கூடம், கடைத்தளம், ஐந்தாறு மாடிக்கு மேல் என்றால் அதைத்தான் நாட வேண்டும். பிணைப்புச் சுவர் மாடிக்கு மாடி ஒரே கோட்டில் ஏற வேண்டும். பின்னாளில் இடித்து அறையைப் பெரிதாக்க முடியாது. துளைக் கட்டிகளுக்குள் கம்பி வைத்துக் கலவை நிரப்பும் மூன்றாவது முறையும் நல்லதே. ஆனால் குழிக்குள் கலவை முழுதாக இறங்கியதா என்று வெளியிலிருந்து தெரியாது. பிணைப்புத் தூணில் பலகையைக் கழற்றியதும் குறை கண்ணில் படும். மூன்று மாடிக்குள், அறைகள் நெருக்கமான வீடென்றால் என் தேர்வு பிணைப்புச் சுவர்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது கலப்புதான்: நான்கு கம்பி போட்ட ஒல்லித் தூண்களை முதலில் நிறுத்திவிட்டு, பிறகு நடுவே செங்கல் அடைப்பது. சட்டகத்துக்கான வலு அந்தத் தூண்களுக்கு இல்லை. சுவரோடு பிணைப்பும் இல்லை. அப்படி ஒரு கட்டுமான இடத்தில் சுவருக்கு முன் ஒல்லித் தூண் எழுவதைப் பார்த்தால், அடுத்த கான்கிரீட்டை ஊற்றவிடாமல் வேலையை அன்றே நிறுத்துங்கள்.