பருவுக்கு அடாபலீன் ஜெல்: வன்னி வெயிலில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்?

முப்பது வயது தாண்டியும் தாடையோரத்திலும் கன்னத்திலும் பரு விட்டபாடில்லை என்றால், பாமசியில் முதலில் கேட்க வேண்டியது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். வாசனை கிடையாது, பளபளப்புப் பெட்டி கிடையாது, பெரும்பாலும் 15 கிராம் பிடிக்கும் சின்ன ரியூப். நன்றாக வேலை செய்யும். ஆனால் மெதுவாக, அதுவும் முதல் மாதம் முகத்தைக் கொஞ்சம் படுத்திவிட்டுத்தான் செய்யும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வெயிலும் கிணற்றுத் தண்ணியும் கிரவல் வீதிப் புழுதியும் சேர்ந்தால் அந்த மாதம் இன்னும் கஷ்டம். "பூசினேன், கூடித்தான் போச்சு" என்று சொல்பவர்களிடம் எத்தனை நாள் பூசினீர்கள் என்று கேட்டால், விசயம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இது வைற்றமின் ஏ வழிவந்த ரெட்டினொயிட் வகை மருந்து. அமெரிக்காவில் 1996இல் வைத்தியரின் துண்டுக்கு மட்டும் என்று அனுமதி கிடைத்தது. 2016இல் துண்டில்லாமல் வாங்கவும் விட்டார்கள். நம்மூரில் வைத்தியரிடம் ஒரு தடவை முகத்தைக் காட்டித் துண்டோடு வாங்குவதே நல்லது. வெளியே தெரிகிற பரு நேற்றுப் பிறந்ததல்ல. மயிர்த்துளைக்குள் செத்த தோலும் எண்ணெயும் அடைத்து, கிழமைக்கணக்காக உள்ளே இருந்து, பிறகு கிருமியும் சேர்ந்து வீங்கித்தான் மேலே வருகிறது. அடாபலீன் பிடிப்பது அந்த முதல் அடைப்பை. அதனால்தான் பலன் தெரிய 8 முதல் 12 கிழமை வேண்டும். அதனால்தான் பரு வந்த இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதும் வீண். பரு வரக்கூடிய பகுதி முழுவதும் பூச வேண்டும்.

பூசும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. இரவில் மட்டும். முகத்தைக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கால் மணி நேரமாவது காயவிடுங்கள். ஈரத் தோலில் பூசினால் மருந்து வேகமாக உள்ளே போய் எரியும். முகம் முழுவதற்கும் ஒரு சின்னக் கச்சான் பருப்பளவு போதும். அதை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, நாடி என ஐந்து பொட்டாக வைத்து, பிறகு மெல்லப் பரப்புங்கள். கண் ஓரம், மூக்கடி மடிப்பு, வாய்க்கடை மூன்றையும் விட்டுவிடுங்கள். முதலில் உரிந்து புண்ணாவது அந்த இடங்கள்தான். வேண்டுமானால் அங்கே முன்கூட்டியே வாசலீன் கொஞ்சம் தடவலாம். இந்த அளவில் பூசினால் 15 கிராம் ரியூப் தினமும் பாவித்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வரும். இரண்டு கிழமையில் முடிந்துவிட்டால் அளவு கூடிப்போகிறது என்று அர்த்தம். கூடப் பூசினால் பரு வேகமாகப் போகாது, தோல்தான் வேகமாகப் போகும்.

முதல் இரண்டு கிழமை மூன்று நாளைக்கு ஒரு இரவு, அடுத்த இரண்டு கிழமை ஒன்றுவிட்ட இரவு, பிறகு தோல் இடம் கொடுத்தால் தினமும். காய்ந்த தோல்காரர் முதலில் வாசனையில்லாத ஈரப்பத கிறீம் ஒன்றைப் பூசி, அதன்மேல் ஜெல்லைப் பூசி, திரும்பவும் கிறீம் பூசலாம். இதனால் எரிவு குறையும்; பலன் பெரிதாகக் குறையாது.

இனி, கெட்டுப்போகும் இடம். இரண்டாவது கிழமையிலிருந்து தோல் உரியும், வாய்க்கடை இழுக்கும், உள்ளே கிடந்த பருக்கள் சில ஒன்றாக மேலே வரும். அதைக் கண்டதும் தேசிக்காயை வெட்டித் தேய்ப்பது, உரிகிற தோலை ஸ்கிரப் போட்டுச் சுரண்டுவது, பற்பசை வைப்பது எல்லாம் நடக்கும். ரெட்டினொயிட் பூசிய தோலில் தேசிப்புளி பட்டு, அதோடு வெயிலில் நின்றால் எரிகாயம் மாதிரிக் கறுத்துவிடும். உரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: இரண்டு மூன்று இரவு ஜெல்லை நிறுத்தி, கிறீம் மட்டும் பூசி, திரும்பத் தொடங்கும்போது இடைவெளியைக் கூட்டுவது. இமை வீங்கினாலோ, தோல் கொப்புளித்து நீர் கசிந்தாலோ அது வழக்கமான உரிதல் அல்ல. ஜெல்லை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள்.

கழுவும் தண்ணியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிற வீடு என்றால் உங்கள் கிணற்றில் கல்சியம் அதிகம். அந்தத் தண்ணியில் சாதாரண சவர்க்காரம் நுரைக்காது. பிசுக்காகத் தோலில் தங்கிக் காயவைக்கும், எரிய வைக்கும். உடுப்புத் தோய்க்கிற கட்டியாலேயே முகத்தையும் கழுவும் பழக்கம் இருந்தால் அடாபலீன் தொடங்கும் முன் அதை விட்டுவிடுங்கள். நுரை குறைந்த, மென்மையான முகக்கழுவி போதும். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை. சூடடிப்புக் காலத்தில் வைக்கோல் தூசோடு வீடு வருபவர்கள் இடையில் வெறுந்தண்ணியால் அலசலாம். ஐந்து தடவை சவர்க்காரம் போட்டால் பரு குறையாது.

அடாபலீனுக்குச் சரியான கூட்டாளி பென்சோயில் பெரொக்சைட் 2.5 சதவீதம். பருக்கிருமியை நேரே கொல்லும். கிருமி இதற்குப் பழகிப்போவதும் இல்லை. 5, 10 என்று பெரிய எண்ணைத் தேடத் தேவையில்லை. பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எரிவுதான் கூடும். காலையில் பென்சோயில், இரவில் அடாபலீன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்த ரியூப்பும் உண்டு. ட்ரெடினோயின் என்ற பழைய ரெட்டினொயிட்டைப் போல அடாபலீன் பென்சோயில் பட்டுக் கெட்டுப்போகாது. ஆனால் இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம். எரிந்தால் எதனால் எரிகிறது என்று தெரியாது.

பென்சோயிலில் இரண்டு குறை. ஒன்று, துணியின் நிறத்தை எடுத்துவிடும். நேவி நீலத் தலையணை உறையில் செம்மஞ்சள் திட்டு விழுந்தால் அது தோய்த்துப் போகாது. வேலையிடச் சீருடையின் கழுத்துப்பட்டிக்கும் அதே கதி. வெள்ளைத் துவாய், வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள். மற்றது சூடு. சூட்டில் கிடந்தால் இது உடைந்து, புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் உண்டாகலாம் என்ற கேள்வி 2024இல் எழுந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 95 பொருட்களைச் சோதித்து, 2025இல் சிலவற்றை மட்டும் திரும்பப் பெறச் செய்தது. மிகப் பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. பயந்து எறியத் தேவையில்லை. ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரித் தட்டிலோ, மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ ரியூப் கிடக்கக் கூடாது. ஓட்டு வீட்டில் நிழலான அறையின் கீழ்த்தட்டு நல்லது. காலாவதித் திகதி தாண்டியதைப் பாவிக்க வேண்டாம்.

பகலில் சன்ஸ்கிறீன் இல்லாமல் இந்த மருந்துகளைப் பூசுவது அரைவேலை. நம்முடைய தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் ஆழமாக்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, ஜெல் வகை. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். கட்டியான கிறீம் வகை இந்த வெக்கையில் வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கும். வயலில், கடற்கரையில் நாள் முழுக்க நிற்பவருக்கு எந்தச் சன்ஸ்கிறீனும் தனியே போதாது. அகல விளிம்புத் தொப்பிதான் காப்பாற்றும்.

தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் மயிரோரத்தில் வரிசையாகப் பொரிப் பொரியாக வரும். இரவில் எண்ணெய் வைத்துப் படுக்காமல், முழுகுவதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்துக் கழுவிவிடுங்கள். ஹெல்மெற்றின் நாடிப் பட்டியும் உள்பஞ்சும் கிழமைக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டியவை.

இப்போது பாமசிக்கும் அழகுசாதனக் கடைக்கும் நடுவே விற்கிற அந்தச் சின்னக் குப்பிக்கு வருவோம். உரையாடல் எப்போதும் ஒன்றுதான்:

"அண்ணை, பருவுக்கு நல்ல கிறீம் ஒண்டு தாங்கோ."

"இதைப் பூசுங்கோ தங்கச்சி, ஒரு கிழமையிலை முகம் பளிச்செண்டு வரும்."

உண்மையில் பளிச்சென்று வரும். அதுதான் ஆபத்து. ஒரு கிழமையில் சிவப்பு அடங்கி, நிறம் வெளுத்து, பரு சுருங்குகிறது என்றால் உள்ளே ஸ்ரெறொயிட் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். லேபிளில் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல், மொமெற்றசோன் என்ற பெயர்களைத் தேடுங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின், மொமெற்றசோன் மூன்றும் கலந்த ரியூப் ஒன்றும் ஊரெல்லாம் பருவுக்கென்று கைமாறுகிறது. அது வைத்தியர் கரும்படைக்குக் குறுகிய காலத்துக்கு எழுதுகிற மருந்து, பருவுக்கானதே அல்ல. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடி, முகத்தில் மயிர் முளைத்து, ஒரே அளவான பருக்கள் கூட்டமாக வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிவு தாங்காமல் திரும்பப் பூச, அடுத்த குப்பியும் விற்பனையாகும். லேபிளே இல்லாத, கலக்கிக் கொடுத்த வெள்ளைக் கிறீம்களில் பாதரசமும் இருக்கலாம். அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர் வெட்கப்படாமல் அந்தக் குப்பியையே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எரிவைச் சமாளிக்க மருந்து இருக்கிறது.

அடாபலீனைச் சரியாகப் பூசியும் மூன்று மாதத்தில் அசைவில்லை என்றால், அது பருதானா என்று பாருங்கள். நெற்றி, நெஞ்சு, முதுகில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக வந்து, வியர்த்தால் கடிக்கிறது என்றால் அது பங்கசாக இருக்கலாம். அதற்கு வேலை செய்வது கீற்றோகொனசோல் போன்ற பங்கசு மருந்து. பருவுக்கான அன்ரிபயோற்றிக் அதைக் கூட்டியே விடும்.

பெண்களுக்குத் தாடையோரத்தில் ஆழமாக, நோவோடு, மாதவிடாய்க்கு முன் வருகிற பரு ஹோர்மோன் பக்கம் கை காட்டுகிறது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, நாடியில் மயிரும் தடித்தால் பிசிஓஎஸ் என்ற சூலக ஹோர்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பலரும் கேட்க மறக்கிறார்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் கருத்தடை ஊசி, கையில் வைக்கும் குச்சி இரண்டாலும் சிலருக்குப் பரு கூடும். தொடங்கிய பிறகுதான் முகம் மாறியது என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக் வைத்தியரிடமோ சொல்லுங்கள். மாற்று முறை உண்டு. தானாக நிறுத்த வேண்டாம். காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்கு எடுக்கும் சில குளிசைகள், ஜிம்மில் ஏற்றும் ஊசிகள் ஆகியவையும் பருப்போல் கிளப்பும்.

கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பத்துக்குத் தயாராகிறவர் அடாபலீனை விட்டு அசெலேயிக் அசிட் 15 அல்லது 20 சதவீதத்தைக் கேளுங்கள். மெதுவானது, முதலில் குத்தும், ஆனால் பாதுகாப்பானது. கறுப்புத் தழும்புக்கும் உதவும். கிளிண்டமைசின் என்ற அன்ரிபயோற்றிக் ஜெல்லைத் தனியாகப் பூசுவதற்கு என் ஓட்டு இல்லை. கிருமி பழகிவிடும், பூசுவதானால் பென்சோயிலோடு, மூன்று மாதத்துக்கு மேற்படாமல்.

டொக்சிசைக்கிளின் வயல்காரருக்குப் பழகிய பெயர். எலிக்காய்ச்சல் காலத்தில் கிழமைக்கு 200 மில்லிகிராம் கொடுக்கிறார்களே, அதே மருந்து. அதில் மிஞ்சியதைப் பருவுக்கு இடைக்கிடை போடுவது எதற்கும் உதவாது. பருவுக்கு வைத்தியர் எழுதினால் தினமும், மூன்று நான்கு மாதம், கூடவே பூச்சு மருந்து. ஒரு கோப்பை நிறையத் தண்ணியோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். தொண்டைக்குழியில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்து எடுக்காதீர்கள். வெயிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுடும். கர்ப்பிணிகளுக்கு இதுவும் ஆகாது.

உருண்டை உருண்டையாக வந்து குழி விழுகிறது என்றால் ரியூப்போடு மல்லுக்கட்டி மாதங்களைக் கழிக்காதீர்கள். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு அரச வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்த் தோல் வைத்தியருக்குக் கடிதம் கேட்கலாம், காசு இல்லை. கிளினிக் நாள் எது என்று முதலே விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிஞ்சும். கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் குளிசை அங்கேதான் முடிவாக வேண்டும்: ஈரல், கொழுப்பு பார்க்க இரத்தப் பரிசோதனை, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் கட்டாயக் கருத்தடையும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம்.

முகம் தெளிந்ததும் ஜெல்லை எறிந்துவிட வேண்டாம். கிழமைக்கு இரண்டு மூன்று இரவு தொடர்ந்தால்தான் அடைப்பு திரும்பாது. மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சின்னப் பாமசியில் சில வேளை இருப்பில் இருக்காது. ரியூப் பாதி ஆனதும் சொல்லிவைத்தால் எடுப்பித்துத் தருவார்கள். சொல்லும்போது மருந்தின் பெயரையும் 0.1 என்ற எண்ணையும் எழுதிக் கொடுங்கள். "அந்தப் பரு ஜெல்" என்று கேட்டால் கையில் கிடைப்பது வேறொன்றாக இருக்கலாம்.