ஆல்ப்ஸில் சைக்கிள்: 'எல்லாம் எங்கள் பொறுப்பு' என்பவரிடம் பணம் கட்டும் முன்

பிரெஞ்சு ஆல்ப்ஸில் சாலை சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள், அதிலும் 'அறை, சைக்கிள், பாதை, பின்னால் வரும் வேன் எல்லாம் எங்கள் பொறுப்பு' என்று விற்கும் தொகுப்புக்குப் பணம் கட்டும் யோசனையில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். போன கோடையில் நானும் மச்சானும் அப்படி ஒன்றை வாங்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே பாணியில் விற்கிறவர்கள் வேறு பெயர்களிலும் இருப்பதால், பெயரைவிட விற்கும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

நாங்கள் தங்கியது பூர் துவாசானில். கடல் மட்டத்திலிருந்து 720 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். ஆல்ப் துவெஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள் ஊர் எல்லையிலேயே ஆரம்பிக்கின்றன: 13.8 கி.மீ., சராசரி 8 சதவீத ஏற்றம். குருவா த ஃபேர், லோத்தாரே, கலிபியே கணவாய்களுக்கும் இங்கிருந்தே போகலாம். கோடையில் ஊர் முழுக்க சைக்கிள்காரர்கள்தான். வாடகைக் கடைகளும் உண்டு, அவற்றில் நல்ல கடைகளும் உண்டு.

முதலில் சைக்கிள். முன்பதிவு ரசீதில் முன் பற்சக்கரம் 50/34, பின்னால் 11-34 என்று எழுதியிருந்தார்கள் (எண்கள் பற்களின் எண்ணிக்கை; முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருந்தால் ஏறுவது லேசு). கையில் கொடுத்தது 52/36, பின்னால் 11-28. 'இரண்டும் ஒன்றுதான், போகப் போகப் பழகிவிடும்' என்றார் கடைக்காரர். ஒன்றல்ல. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறோம் என்று வையுங்கள். முன்னால் 34, பின்னால் 34 பல், அதாவது 34-க்கு 34 கியரில் மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஏறலாம். 36-க்கு 28-ல் அதே சுற்றுக்கு 10 கி.மீ. வேகம் வரும். 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், சுற்றைக் குறைத்து முட்டியால் தள்ள வேண்டியிருக்கும். அரை மணி நேரம் என்றால் சமாளிக்கலாம். இங்கே ஏற்றங்கள் இரண்டு, மூன்று மணி நேரம் நீள்கின்றன.

மச்சானின் சைக்கிளில் பின் பற்சக்கரமும் தேய்ந்த சரக்கு. பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகியிருந்தன. செயினோ புத்தம்புதிது. பழைய பல்லில் புதுச் செயின் உட்காராது, அழுத்தி மிதித்தால் வழுக்கும். பிரேக் கட்டைகளில் வரிப்பள்ளமே மிச்சமில்லை. கலிபியே உச்சியிலிருந்து பூர் துவாசான் வரை 1,900 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்குப் போகிற சைக்கிளில் இப்படிக் கட்டை! சண்டை போட்டுக் கட்டையை மட்டும் மாற்றினோம். பற்சக்கரத்துக்கு 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பெரிய மோசடி சைக்கிளில் இல்லை, பாதையில்தான். 'உள்ளூர் வழிகாட்டிகள் ஓட்டிப் பார்த்துத் தயாரித்த ஜிபிஎஸ் பாதைகள்' என்று தனியாகவே ஒரு தொகை வாங்கியிருந்தார்கள். கோப்பைத் திறந்து உயர வரைபடத்தைப் பார்த்தால், லோத்தாரே போகும் வழியில் இருக்கும் ஷாம்போன் அணைப் பக்கம் செங்குத்தாக ஒரு கூம்பு. அங்கே சாலையில் அப்படி ஏற்றமே கிடையாது, சுரங்கப்பாதைதான் இருக்கிறது. கணினியில் கோடு இழுத்தால், மென்பொருள் சுரங்கத்தின் தரையை எடுக்காமல் மேலே இருக்கும் மலையின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். உண்மையில் ஓட்டிப் பதிவு செய்த கோப்பு என்றால் உயரமானி சுரங்கத்துக்குள்ளும் சாலையின் உயரத்தையே காட்டியிருக்கும். ஒருவரும் ஓட்டவில்லை, இலவச மென்பொருளில் இரண்டு நிமிடத்தில் வரைந்து எங்களிடம் விற்றிருக்கிறார்கள். பாதைக்குக் காசு வாங்குகிற எவரிடமும் முதலில் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள், சுரங்கம் இருக்கும் இடத்தில் கூம்பு நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கோடு கலிபியேயில் இன்னும் மோசம். உச்சி 2,642 மீட்டர். அதற்குக் கீழே 2,556 மீட்டரில் ஒரு பழைய சுரங்கம், சிக்னல் வைத்து ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் வண்டிகளை விடுவார்கள். சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள்காரர்கள் மேலே போகும் சாலையில்தான் ஏற வேண்டும். எங்கள் கோப்பு நேராக அந்தச் சுரங்கத்துக்குள் போனது. உச்சியைத் தொடாத கலிபியே பாதை! பூர் துவாசானுக்கும் லோத்தாரேவுக்கும் நடுவே சுரங்கங்கள் நிறைந்த டி1091 சாலையில் இறக்கிவிடுகிறவர்கள் சைக்கிளில் விளக்கு வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சராசரி என்ற ஏமாற்று. குருவா த ஃபேர் ஏற்றத்தை 'சராசரி 5 சதவீதம், மிதமானது' என்று எழுதியிருந்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் ரிவியே தல்மோன் ஊரைத் தாண்டியதும் சாலை சர்ரென்று இறங்கி, உடனே 10 சதவீதத்துக்கு மேல் நிமிர்கிறது. அந்த இறக்கமும், இதே வழியில் வரும் கிரான் மேசான் அணைப் பக்கத்துச் சமதளமும்தான் சராசரியைக் குறைத்துக் காட்டுகின்றன. இதைத் தாண்டி சான் ஜான் த மோரியேன் ஊர், பிறகு தெலெக்ராஃப், கலிபியே, லோத்தாரே கணவாய்கள் வழியாகத் திரும்பும் 160 கி.மீ.யை ஒட்டிய சுற்று 'நடுத்தர ஓட்டுநர்களுக்கு' என்று விற்கப்பட்டது. ஆண்டுதோறும் நடக்கும் லா மார்மோத் சைக்கிள் சவால் ஓட்டத்தில் கடைசி ஆல்ப் துவெஸ் ஏற்றத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட இதுதான் மிஞ்சும். அதை நடுத்தரம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

தெலெக்ராஃப் ஏறி வல்லுவார் ஊருக்கு இறங்கும்போது மச்சானுக்கு அழுத்தி மிதித்தாலே செயின் வழுக்கியது. கலிபியே உச்சிக்கு இன்னும் 18 கி.மீ., கடைசி எட்டும் செங்குத்து. வேனுக்குப் போன் போட்டோம். வேன் ஆல்ப் துவெஸில் வேறு குழுவோடு இருக்கிறதாம். மொத்த வாடிக்கையாளர்களுக்கும் ஒரே வேன்! 'கீழே இறங்கி ரயில் பிடியுங்கள்' என்றார்கள். பூர் துவாசானுக்கு ரயிலே கிடையாது. ரயில் நிலையம் இருக்கும் சான் மிஷேல் ஊருக்கு இறங்கி, ஷாம்பெரிக்கு ரயில், அங்கிருந்து கிரெனோபிளுக்கு இன்னொரு ரயில், அப்புறம் சாலை வழியாக மலைக்குள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறைக்கு முழு மலைத்தொடரையும் சுற்றிக்கொண்டு நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்தோம். 'டேய், இதுக்கு நாமே மேப் பாத்து வந்திருக்கலாம்டா' என்று மச்சான் வழியெல்லாம் புலம்பினான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிரெஞ்சுக் கணவாய்ச் சாலைகள் பலவற்றில் ஒவ்வொரு கி.மீ.க்கும் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு பலகை நிற்கிறது: உச்சிக்கு எவ்வளவு தூரம், இப்போது என்ன உயரம், அடுத்த ஒரு கி.மீ. எத்தனை சதவீதம். கணவாய் திறந்திருக்கிறதா என்று அடிவாரத்திலேயே பலகை சொல்லும். காசு கொடுத்து வாங்கிய கோப்பைவிட அந்தப் பலகைகள் நம்பகமானவை.

மறுநாள் வேறொரு கடையில் 34-க்கு 34 கியர், விளக்கு எல்லாம் இருக்கும் சைக்கிள் எடுத்து லோத்தாரே பக்கமாகக் கலிபியே ஏறினோம். அது அருமையாக இருந்தது, அதைப் பற்றி இன்னொரு நாள்.

தொகுப்போடு வந்த பழைய சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது 300 யூரோ டெபாசிட்டில் 180 யூரோவை 'பின் சக்கரச் சேதம்' என்று பிடித்தார்கள். எடுத்த அன்றே கடை வாசலில் சக்கரம், பற்சக்கரம், பிரேக் கட்டை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தேன். கார்டு கொடுத்த வங்கிக்கு அந்தப் படங்களையும் ரசீதையும் அனுப்பினேன், அந்த 180 திரும்பி வந்தது. வேனுக்கும் பாதைக்கும் கட்டியது வரவில்லை. 'பாதைக் கோப்பு வழிகாட்டுதலுக்கு மட்டுமே, வேன் வசதி இருப்பைப் பொறுத்தது' என்று நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். கட்டும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வேன் எத்தனை பேருக்கு, எந்தக் கணவாய் வரை வரும் என்பதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், போனில் சொன்னால் போதாது. கியர் எண்ணும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும்.

இப்போதும் அவர்கள் தளத்தில் 'கலிபியே சுற்று' விற்பனையில் இருக்கிறது. மே முதல் வாரத்துக்குக்கூட முன்பதிவு எடுக்கிறார்கள். அந்தச் சமயத்தில் கலிபியே சாலை பனியில் மூடிக் கிடக்கும், பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூன் ஆரம்பத்திலோதான் திறப்பார்கள்.