இரண்டு வருடம், இரண்டு கார்டு: ஸ்டீம் டெக்கில் மெமரி கார்டு லினக்ஸ்

ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கணினியை வாங்கியது கேம் விளையாடத்தான். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதால், என் வேலையையும் அதிலேயே செய்ய ஆசை வந்தது. ஆனால் அதன் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸின் ரூட் பார்ட்டிஷன், அதாவது சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பகுதி, படிக்க மட்டுமே. பூட்டைத் திறந்து, மென்பொருள் நிறுவும் பேக்மேன் கருவியால் எதையாவது நிறுவினாலும் அடுத்த சிஸ்டம் அப்டேட்டில் காணாமல் போய்விடும். அதனால் கேம் பக்கத்தைத் தொடாமல், 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் டெபியன் என்ற லினக்ஸின் டெஸ்டிங் பதிப்பை நிறுவிக்கொண்டேன்.

ஒலியைக் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரைத் தட்டினால் பூட் மெனு வரும். அதில் கார்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். நிறுவும்போது ஒன்றில் கவனம் வேண்டும். பார்ட்டிஷன்களை நாமே குறிப்பிடாவிட்டால், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர், உள்ளிருக்கும் டிரைவின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட்லோடர்களுக்கான பகுதி) போய் உட்கார்ந்துவிடலாம். நான் கார்டிலேயே தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் வைத்து, க்ரப் என்ற பூட்லோடரை, கழற்றக்கூடிய டிரைவுக்கான ரிமூவபிள் முறையில் நிறுவினேன்.

சரி, வேகம். யுஹெச்எஸ்-1 என்ற வேகத் தரத்து கார்டின் உச்ச வரம்பு நொடிக்கு 104 எம்பி. அட்டையில் பெரிதாக அச்சிடும் அந்த மாதிரி எண்ணை நம்பித்தான் முதல் கார்டை வாங்கினேன். அது பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது மட்டும் தெரியும் வேகம். இயங்குதளம் செய்வதோ குட்டிக் குட்டித் தரவுகளை ஆயிரக்கணக்கான முறை எழுதுவது. அதற்குப் பார்க்க வேண்டியது ஏ1, ஏ2 குறிகளை. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கும், 500 முறை எழுதும். ஏ2 என்றால் 4,000, 2,000. ஆனால் கார்டு ரீடர் பல கட்டளைகளை வரிசையில் வாங்கிவைக்கும் வசதியை ஆதரிக்காவிட்டால் ஏ2 அந்த எண்ணை எட்டாது.

முதல் சில வாரங்கள் உண்மையிலேயே சோதனை. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் எல்லாமே உறைந்துவிடும். காரணம் புரிய நாளானது. எழுத வேண்டியதை லினக்ஸ் முதலில் ரேமில் சேர்த்து வைக்கும். இயல்பான வரம்பு, கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதம். 16 ஜிபி ரேமில் அது ஏறக்குறைய 3 ஜிபி. கார்டு நொடிக்கு 30 எம்பி எழுதினால், அதை இறக்கி முடிக்க 100 நொடி. அந்த வரம்பை 64 எம்பியாகக் குறைத்தேன், உறைவது நின்றது. இந்த இரண்டு வருடத்தில் எனக்கு அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான்.

அப்புறம் கார்டில் எழுதும் அளவையே குறைத்தேன். இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை 5 நொடிக்கு ஒரு முறை கார்டில் பதிவதை 60 நொடியாக்கினேன். திடீரென்று பவர் போனால் ஒரு நிமிட வேலை போகும்; அது எனக்குச் சம்மதம். கூடவே, கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாமலிருக்க நோஅடைம் போட்டேன், சிஸ்டம் லாக்குகளை ரேமில் வைத்தேன், ஸ்வாப்புக்கு ரேமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம். ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும் டேப்களை 15 நொடிக்கு ஒரு முறை சேமிக்கப் பார்க்கும். அதை 5 நிமிடமாக்கி, டிஸ்க் கேஷையும் அணைத்தேன். தொகுப்பு அப்டேட் மட்டும் இன்றும் மெதுவாகத்தான் ஓடுகிறது. டெபியனில் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி, ஒவ்வொரு கோப்பும் கார்டில் இறங்கிவிட்டதை உறுதிசெய்துகொண்டே போகும்; இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

11ஆம் மாதம் முதல் கார்டு செத்தது. விதம்தான் விசித்திரம். ஒரு கோப்பை அழித்தேன். மறுபடி பூட் செய்தால் அது அங்கேயே இருக்கிறது. எழுதியிருந்த குறிப்புகளும் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பியிருந்தன. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. எழுதச் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு எதையும் பதியாமல் விட்டிருக்கிறது கார்டு. நல்ல வேளை, படிக்க முடிந்தது. மொத்தத்தையும் இமேஜாக எடுத்துப் புதுக் கார்டில் இறக்கினேன். தொலைந்தது ஒரு நாள் எழுத்து. அது ஒரு கட்டுரையின் நல்ல பகுதி, இன்றும் வருத்தம்தான்.

தூக்க நிலையை மட்டும் விட்டுவிட்டேன். எழும்போது கார்டு சில சமயம் புதிதாகச் செருகியதுபோல் கண்டறியப்படும்; ரூட்டே அதில் இருப்பதால் எல்லாம் நின்றுவிடும். இப்போது வேலை முடிந்தால் முழுதாக அணைத்துவிடுகிறேன்.

இரண்டாவது கார்டு பலமுறை எழுதினாலும் தாங்கும் வகை. கொள்ளளவு உண்மைதானா என்று எஃப்3 கருவியால் சோதித்த பிறகே நிறுவினேன். 13 மாதம் ஆகிறது, இதுவரை தொல்லை இல்லை. ஞாயிறுதோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக ஹோம் கோப்பகம் வெளி டிரைவுக்குப் போய்விடுகிறது.