லைப்சிக்கா, லண்டனா? வயலின் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

சென்னையில் மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுகளில் கடைசியான எட்டாவதை முடித்துவிட்டு, அடுத்தது வெளிநாடுதான் என்று நிற்கும் பிள்ளைகளின் பட்டியலில் பெரும்பாலும் லண்டன் மட்டும்தான் இருக்கிறது. அதில் ஆச்சரியமும் இல்லை. அவர்களில் பலர் எழுதும் அந்த கிரேடு தேர்வை நடத்தும் ஏபிஆர்எஸ்எம் அமைப்பை 1889இல் தொடங்கியதே லண்டனின் இரண்டு ராயல் இசைக் கல்லூரிகள்தான். சின்ன வயசிலிருந்து சான்றிதழில் பார்த்த பெயர் மனசில் ஒட்டிக்கொள்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், பலருக்கு அதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கைவிட வயசில் லைப்சிக் இசைக் கல்லூரி மூத்தது. அந்த ஊரின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1843இல் தொடங்கிய பள்ளி. அந்தக் குழுவின் முதல் வயலின்காரர் ஃபெர்டினாண்ட் டாவிடையே வயலின் வாத்தியாராக உட்கார வைத்தார். பியானோவுக்கும் இசையமைப்புக்கும் இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ஷூமான். ராத்திரி மேடையில் வாசிப்பவர் காலையில் வகுப்பெடுப்பார். இந்த ஏற்பாட்டின் நீட்சியாக, கல்லூரியும் கெவாண்ட்ஹவுஸும் சேர்ந்து நடத்தும் ஆர்கெஸ்ட்ரா அகாடமி இன்றும் இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் அந்தக் குழுவுக்குள்ளேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அந்தக் குழுவோ கச்சேரி அரங்கில் சிம்பொனி, ஆபெராவில் துணை வாசிப்பு, தாமஸ் தேவாலயத்தில் பாக்கின் இசை என்று மூன்று இடத்திலும் வாசிக்கிறது. புதிய கற்பித்தல் முறை என்று எதைச் சொன்னாலும் இதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவதில்லை.

பழம்பெருமையை அப்படியே நம்பவும் வேண்டாம். 1858இல் 15 வயதில் அங்கே சேர்ந்த, பின்னாளில் நார்வேயின் பெரிய இசையமைப்பாளரான எட்வர்ட் கிரீக், செர்னி, கிளெமெண்டி என்று பயிற்சிப் பாடங்களையே போட்டு அரைத்த பியானோ ஆசிரியரைப் பொறுக்க முடியாமல் வேறு ஆசிரியரிடம் மாறிக்கொண்டார். கல்லூரியின் பெயரைவிட, யாருடைய வகுப்பில் சேர்கிறோம் என்பது முக்கியம். அன்றும் இன்றும் அதுதான் நிலைமை.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் 1883இல் திறந்தது. எதிரே ராயல் ஆல்பர்ட் ஹால். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் 1480 வாக்கில் செய்த, பியானோ மாதிரி கட்டைகளை அழுத்தித் தந்திகளை ஒலிக்க வைக்கும் இசைக்கருவி இருக்கிறது. அதே கட்டடத்தில்தான் 'பெர்ஃபார்மன்ஸ் சிமுலேட்டர்' என்ற கூடமும். மாணவர் முதலில் மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்ததும் உள்ளே போய் விளக்கு வெளிச்சத்தில் நின்றால், எதிரே திரையில் ஆளுயர ரசிகர்கள். இருமுகிறார்கள், தும்முகிறார்கள், யாருடைய ஃபோனோ அடிக்கிறது. முடித்ததும் கைதட்டல் வரலாம். இயக்குபவர் மனசு வைத்தால் கூச்சலும் வரும். வேண்டுமென்றால் ரசிகர்களுக்குப் பதில் மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு, உம்மென்ற முகத்தோடு. வாசிப்பவரின் இதயத்துடிப்பு எப்படி ஏறுகிறது என்றும் இதில் ஆராய்ந்திருக்கிறார்கள். (தனியாவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபா கேண்டீனுக்கு எழுந்து போவதைப் பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தப் பயிற்சி ஓரளவு இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.) இம்பீரியல் காலேஜோடு சேர்ந்து மேடை பயம், உடல் வலி, சாதகம் செய்யும் முறை என்று பலவற்றையும் அறிவியலாகவே படிக்கிறார்கள். மேடையேறினாலே கை நடுங்குகிற பிள்ளைக்கு இது பெரிய வரம்.

ஆனால் விலை? வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணமே 25,000 பவுண்டைத் தாண்டும். வாடகையும் சாப்பாடும் தனி. லைப்சிக்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,800 யூரோ. ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது கசக்கும். விசாவுக்காகத் தனிக் கணக்கில் ஆண்டுச் செலவுக்கென்று கிட்டத்தட்ட 12,000 யூரோ காட்டவும் வேண்டும். அப்படியும், லண்டனின் ஒரு வருஷக் கட்டணத்தில் லைப்சிக்கில் நாலு வருஷக் கட்டணத்தைக் கட்டி மீதியும் பிடிக்கலாம்.

லைப்சிக்கின் நிஜமான தடை மொழிதான். தியரி வகுப்பு ஜெர்மனில் நடக்கும். சுரப் பெயரே குழப்பும்: அவர்கள் 'பி' என்றால் நமக்கு பி ஃப்ளாட், நம்முடைய பி அவர்களுக்கு 'ஹெச்'. இங்கிலீஷ் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு லண்டனைத் தவிர வழியில்லை.

பாரிஸின் இசைக் கல்லூரியான கன்சர்வத்வார் 1795இலேயே பிறந்தது, இவை இரண்டுக்கும் மூத்தது. 1990 முதல் அந்நகரின் லா வில்லெத் பகுதியில் நவீனக் கட்டடம். ஆனால் போட்டித் தேர்வும் வயது வரம்பும் பிரெஞ்சும் சேர்ந்து, இங்கிருந்து போகும் பெரும்பாலானோரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

சொத்தை விற்காமல் படிக்க வேண்டும், இசைக்குழுவில் வேலைக்குச் சேர வேண்டும் என்கிறவருக்கு லைப்சிக். உதவித்தொகை கையில் இருந்து, தனிக் கச்சேரிக்காரராக வர நினைப்பவருக்கு லண்டன். லைப்சிக் என்று முடிவானால் சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பில் இப்போதே சேருங்கள். விண்ணப்பிப்பதற்கு முன்பே, சேர நினைக்கும் பேராசிரியருக்கு வாசிப்பு வீடியோவோடு எழுதி, ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.