கிம்ப்பில் புள்ளிக்கோடு: ஒரு டி.டி.பி. கடையின் அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் டி.டி.பி. கடை நடத்துகிறவனுக்கு விட்டுவிட்டு வரும் கோடு இல்லாமல் பிழைப்பு ஓடாது. விழாக் கமிட்டியின் பரிசுக் கூப்பனில் கிழிக்கும் கோடு, தையல் வகுப்புக்கான பிளவுஸ் படத்தில் மடிப்புக்கோடு, அங்கன்வாடிப் பிள்ளைகள் மேலே எழுதிப் பழகும் எழுத்து என்று தினமும் ஏதாவது வரும். பல வருஷமாக இதற்கெல்லாம் கிம்ப் (GIMP) என்ற பட எடிட்டிங் மென்பொருள்தான். காசு கிடையாது, என் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது.

கிம்ப்பில் கோடு போடவென்று தனி டூல் இல்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் திணறுவது அங்கேதான். கீபோர்டில் B அழுத்தி பாத் டூலை எடுத்து, வேண்டிய இடத்தில் கிளிக் செய்து பாதை போட வேண்டும். பிறகு எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் பாத்; பாதையின் மேல் கோடு விழுவது இதில்தான். அதில் லைன் ஸ்டைலைத் திறந்தால் நீளத் துண்டு, குட்டைத் துண்டு, புள்ளி, துண்டும் புள்ளியும் எல்லாம் டேஷ் ப்ரீசெட்டில் இருக்கும். கூப்பனுக்கு மீடியம் டேஷ் போதும்.

கேப் ஸ்டைலை, அதாவது துண்டின் முனை வடிவத்தை, மட்டும் கவனியுங்கள். 'ரவுண்ட்' கொடுத்தால் ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையும் கோட்டின் பாதித் தடிமன் அளவுக்கு வெளியே நீளும். அதாவது இடைவெளியில் ஒரு முழுத் தடிமன் காணாமல் போகும். இடைவெளியே அவ்வளவுதான் என்றால் துண்டுகள் ஒட்டிக்கொண்டு முழுக்கோடாகிவிடும். கிழிக்கும் கோட்டுக்கு முனை நீளாத 'பட்' (Butt) தான் சரி.

தடிமன் விஷயத்தில் திரையை நம்பாதீர்கள். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 12 பிக்சல். 2 பிக்சல் கோடு திரையில் லட்சணமாக இருக்கும், தாளில் 0.17 மி.மீ. தான், ஜெராக்ஸ் எடுத்தால் பாதி போய்விடும். நான் 6 பிக்சலுக்குக் கீழே இறங்குவதில்லை.

உருண்டையான புள்ளிதான் வேண்டும் என்றால் லைன் ஸ்டைலை விட்டுவிட்டு, அதே ஸ்ட்ரோக் பாத் பெட்டியில் பெயின்ட் டூலைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பு மங்காத வட்ட பிரஷ், அளவு 12, ஸ்பேசிங் 200 (பிரஷ் அளவில் இத்தனை சதவீதம்). ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 24 பிக்சல் வரும். என் கணக்கில் கிம்ப்பின் அருமை இந்த ஒரு வசதியில்தான் இருக்கிறது.

அங்கன்வாடி எழுத்துத்தாள் பிறந்தது இப்படித்தான். எங்கள் சித்தூர் தாலுக்காவில் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். எழுத்தை டைப் செய்து 'டெக்ஸ்ட் டு பாத்' கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அது தருவது எழுத்தின் வெளிவிளிம்பை; பிள்ளைக்கு இரண்டு கோடாகத் தெரியும், பென்சிலை எதன்மேல் ஓட்டுவது? அதனால் எழுத்தை வெளிர்சாம்பலில் கீழே ஒரு லேயராக வைத்து, அதன் நடுவே கையால் பாதை போடுகிறேன். 'ண' சுழியிலும் மலையாள எழுத்துகளின் இறுகிய வளைவிலும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அங்கே பிரஷ் அளவைக் குறைப்பதைவிட எழுத்தையே பெரிதாக்குவது நல்லது. ஒரு தாளில் நாலு எழுத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

குறையும் உண்டு. ஸ்ட்ரோக் போட்டதும் கோடு வெறும் பிக்சல். பிற்பாடு இடைவெளியை மாற்ற முடியாது. அழித்து மறுபடி போட வேண்டும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பதிப்பிலும் ஸ்ட்ரோக் பாத் அப்படியேதான். போட்டோஷாப்பில் சிஎஸ்6 பதிப்பு முதல் ஷேப் கோட்டைப் பிறகும் திருத்தலாம், ஆனால் மாதாமாதம் பணம். செவ்வகக் கட்டத்தின் மூலையில் துண்டுகள் கோணலாகச் சந்திப்பது இன்னொரு தொல்லை. நான் நாலு பக்கத்தையும் தனித்தனிக் கோடாகப் போட்டுவிடுகிறேன்.

பாதையை கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பிலேயே விட்டுவைத்தால் தப்பித்தோம். பாத் பட்டியலில் வலது கிளிக் செய்து எஸ்விஜியாக (கோடுகளைக் கோடாகவே வைத்திருக்கும் கோப்பு) ஏற்றுமதி செய்து, இன்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் திறக்கலாம். அங்கே இடைவெளியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கூப்பன் வேலை முழுவதையும் இப்போது அதற்கே மாற்றிவிட்டேன்.

எழுத்துத்தாளும் இன்க்ஸ்கேப்புக்கே போகும் போலிருக்கிறது. "அண்ணா, எழுத்து எங்க தொடங்குதுன்னு ஒரு அம்புக்குறி வச்சுத் தாங்க" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். கிம்ப்பில் அம்புக்குறியையும் கையால்தான் வரைய வேண்டும். இன்க்ஸ்கேப்பில் துண்டுக்கோடு தேர்வு செய்யும் அதே ஸ்ட்ரோக் ஸ்டைல் பக்கத்தில் மார்க்கர் என்று அது தயாராக இருக்கிறது.