புதுச்சேரி மிஷன் வீதி பக்கம் பிரெஞ்சு மனு எழுதித் தர்ற கடை, நம்பிப் போகலாம்

பாரிஸ்ல இருக்கிற எங்க அக்கா வீட்டுக்காரரு யாழ்ப்பாணத்துக்காரரு, 2022ல இலங்கை கடன் கட்ட முடியாம கையை விரிச்சதுக்கப்புறம் பாரிஸ்ல உள்ள இலங்கைச் சனங்க பிரெஞ்சு அரசாங்கம் உதவணும்னு மனு மேல மனு போட்டாங்க, அதுல ஒண்ணை எழுதத்தான் இங்க போனேன். டைப் பண்ற அக்கா சும்மா மொழிபெயர்க்கல, "கஷ்டத்தை அப்புறம் சொல்லுங்க சார், என்ன வேணும்னு மொத பாராவுலயே கேளுங்க"ன்னு சொல்லி, கடன் குடுத்த நாடுங்க கமிட்டிக்கு இந்தியா, ஜப்பானோட பிரான்ஸும் இணைத்தலைவர்ங்கிறதை மேல தூக்கி வெச்சு, பால்மா க்யூ, மருந்து தட்டுப்பாடு எல்லாத்தையும் கீழ கொண்டு போனாங்க, அப்பதான் மனுவுக்கே ஒரு தெம்பு வந்துச்சு. எழுத்து மேல போடுற ஆக்சான் குறி ஒண்ணு கூட விடல. ரேட் கொஞ்சம் ஜாஸ்திதான், மதியம் ஷட்டர் இறக்கிடுவாங்க, காலைலயே போயிடுங்க.