“பத்தடி நீச்சல் தொட்டி, ஆறு பேர், பத்தே நிமிஷம்”: தண்ணீர் விடும் முன் அளவு டேப்பை எடுங்கள்

வெயில் ஏறத் தொடங்கியதும் போனில் வரிசையாக வந்து விழும் விளம்பரம் இது. படத்தில் மொட்டை மாடியில் ஆறு பெரியவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், நடுவே மிதக்கும் தட்டில் தர்பூசணி. பார்சலில் வருவதோ மூன்று வளையக் காற்றுத் தொட்டி ஒன்று, ஒரு கைப்பம்பு, உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுத்துண்டு ஒன்று. ஓரம் பிய்ந்தது, காற்று இறங்கியது என்று போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்: “தண்ணி பட்ட ஐட்டத்தை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்.” வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. தண்ணீர் விடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடிய ஏமாற்று இது.

முதல் ஏமாற்று அளவில். அட்டைப்பெட்டியில் 305 × 183 செ.மீ. என்று இருக்கும், அதாவது பத்தடிக்கு ஆறடி. பொய் இல்லை, ஆனால் காற்றில்லாமல் தரையில் விரித்துப் போட்டு, வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்த கணக்கு. காற்றடைத்ததும் தட்டையாக 36 செ.மீ. இருந்த சுவர் உருண்டு 23 செ.மீ. ஆகிவிடும். வெளி நீளம் 305 இலிருந்து 280க்குக் கீழே இறங்கும். சுவர்களைக் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 233 × 111 செ.மீ. கட்டில் மெத்தைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்: டபுள் காட்டைவிட நீளம் கொஞ்சம் கூட, அகலம் குறைவு. எதிரெதிரே உட்கார்ந்தால் நாலு பேர், அதுவும் ஒருவர் கால் இன்னொருவர் மடியில். ஆறு பேர் என்பது குழந்தைகளை எண்ணினால்தான்.

இடுப்பளவு தண்ணீரில் உட்காரும் ஒருவர் சுமார் 35 முதல் 40 லிட்டர் தண்ணீரை ஒதுக்குவார். நாலு பேர் இறங்கினால் மட்டம் 6 செ.மீ. ஏறும். விளிம்பிலிருந்து கையளவு கீழே நிறுத்தாவிட்டால் இறங்கிய கையோடு ஒரு வாளிக் கணக்கில் வெளியே போகும். அதைவிட முக்கியம், யாரும் சுவர் மேல் உட்காரக் கூடாது. குழந்தைத் தொட்டியில் பழகிய பழக்கம் அது. 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் அந்த இடம் மடங்கும், அந்தப் பக்கமே தண்ணீர் சரியும், கூடவே ஷீட்டுகளைச் சேர்த்து ஒட்டிய ஒட்டுவரியும் பிரியும்.

இரண்டாவது ஏமாற்று, “மொட்டை மாடியில் தாராளமாக வைக்கலாம்” என்பது. இதில் போவது பணம் மட்டும் இல்லை. ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடச் சுமைத் தரநிலை சொல்லும் புழங்கு சுமை (ஆள், பொருள் பாரம்) சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. தண்ணீர் 15 செ.மீ. ஆழம் நின்றாலே அந்தக் கணக்கு தீர்ந்தது. மேலே சொன்ன தொட்டியில் 40 செ.மீ. விட்டால் சதுர மீட்டருக்கு 400 கிலோ, மொத்தம் ஆயிரம் லிட்டருக்கு மேல், ஆட்கள் தனி. சின்டெக்ஸ் டேங்க் மாடியில் நிற்கவில்லையா என்று கேட்பார்கள். அதைச் சுவரோ பீமோ தாங்கும்படி பார்த்து வைத்திருப்பார்கள். காற்றுத் தொட்டி உட்காருவது அறையின் நடு ஸ்லாபில். பத்தடி விட்டமுள்ள வட்டத் தொட்டி இன்னும் மோசம்: 76 செ.மீ. உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் நிரப்பினாலே 3,800 லிட்டரைத் தாண்டும், ஏறக்குறைய நாலு டன். போர்டிகோ, பால்கனி, சஜ்ஜா (ஜன்னல் மேல் சன்ஷேட்) பக்கமே போக வேண்டாம். மாடிதான் வேண்டுமென்றால் கட்டட வரைபடத்தோடு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கேட்க வேண்டும். தொட்டி விற்பவரைக் கேட்டுப் பயனில்லை.

மழைத்தண்ணீர் ஓட மாடித் தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் 280 செ.மீ. நீளத்தில் கிட்டத்தட்ட 3 செ.மீ. இறக்கம். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் அழுத்தும், சுவர் வெளியே சாயும், அந்தப் பக்கத்து ஒட்டுவரி தொடர்ந்து இழுபடும். “இலவச இன்ஸ்டலேஷன்” என்று வருகிறவர் இதைப் பார்ப்பதில்லை. தட்டோட்டின் மேல் அப்படியே விரித்து, போர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கையெழுத்து பின்னால் “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று உங்கள் முகத்துக்கு நேரே நீட்டப்படும்.

தரைத்தளத்துக் கொல்லைதான் சரியான இடம். கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவலை வைத்து நாலு மூலையும் பாருங்கள், இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேட்டுப் பக்கத்தைச் செதுக்க வேண்டும். பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பினால் தண்ணீர் ஏறியதும் அது அமுங்கும். கோரைப்புல் இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள், வெட்டி விட்டால் போதாது. அதன் முளை ஊசி மாதிரி, பி.வி.சி. ஷீட்டைக் கீழிருந்து துளைத்துக்கொண்டு வரும். மேலே ஓர் அங்குலம் சலித்த ஆற்று மணல், அதன் மேல் தடித்த தார்ப்பாய். எம் சாண்ட் வேண்டாம், உடைகல் துகள், கூர் உள்ளது.

இப்போது பார்சல் வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது. பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதம், வருடம், புகார் எண் ஆகியவை அச்சாகியிருக்கிறதா பாருங்கள்; சட்டமுறை எடையளவு விதிப்படி இருந்தாக வேண்டியவை. ஷீட்டின் கனத்தை ஸ்க்ரூ கேஜில் பாருங்கள். 0.4 மி.மீ. என்று விளம்பரம் செய்து 0.25 கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. வளையம் மூன்றுக்கும் தனித்தனி வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றும் ஒரே அறையாக இருந்தால் ஒரு பொத்தலில் மொத்தமும் படுத்துவிடும்.

பிறகு ஹாலில், தண்ணீர் இல்லாமல், காற்று மட்டும் அடைத்து 24 மணி நேரம் விடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஆகாது. சுவர் திமிறுவதற்குள் ஒட்டுவரி பிரிந்துவிடும். மெத்தைக்குக் காற்றடிக்கும் சின்ன எலெக்ட்ரிக் பம்பு போதும். சுருக்கம் மறைந்து, கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகிற பதத்தில் நிறுத்துங்கள். மாலை ஏழுக்கு அடைத்தால் மறுநாள் மாலை ஏழுக்கே பாருங்கள், நடுவில் சூடு குறைந்து தளர்வது ஓட்டை இல்லை. புது ஷீட் முதல் நாள் கொஞ்சம் நீளவும் செய்யும். மூன்றும் ஒரே அளவு தளர்ந்திருந்தால் கவலையில்லை. ஒரு வளையம் மட்டும் தொய்ந்திருந்தால் ஷாம்பு நுரையை வால்வைச் சுற்றியும் ஒட்டுவரியிலும் தடவுங்கள், குமிழி வரும் இடம் தெரியும். அதையும் டேப் வைத்த அளவுகளையும் படம் எடுங்கள். ஒட்டுவரியில் கசிந்தால் ஒட்டுப்போட முயல வேண்டாம், அங்கே பிடிக்காது. திருப்பி அனுப்புங்கள், இன்னும் தண்ணீர் படவில்லை.

வெயிலில் வைக்கும்போது அதே பதத்துக்கும் சற்றுக் குறைவாகவே அடையுங்கள். காலை 27 டிகிரியில் இருந்த காற்று மதியம் ஷீட் கொதித்து 55 ஆனால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியப் பார்க்கும், சூட்டில் ஷீட்டும் இளகியிருக்கும். காலையில் கல் மாதிரி அடைத்த தொட்டி மதியம் ‘டப்’பென்று போவது இதனால்தான். அதை “நீங்கள் ஓவராக அடித்தீர்கள்” என்று தள்ளிவிடுவார்கள்.

சேர்த்து விற்கும் “ஃபில்டர் மோட்டார்” பல இடங்களில் ஏர் கூலர் மோட்டார்தான், 230 வோல்ட். ஆள் இருக்கும் தண்ணீரில் அதைப் போடவே கூடாது. தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்குமென்றால் ஆயிரம் லிட்டருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 6 கிராம் போதும், குளோரின் ஏறக்குறைய 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். வாளியில் கரைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் மாலையில், ஆள் இல்லாதபோது ஊற்றுங்கள்.

விற்றவர் மறுத்தால்: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. விற்பனை இணையதளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் எண்ணுக்குப் பணம் அனுப்பி, பொருளே வராமல் எண் அணைந்துபோயிருந்தால் அது வேறு வழக்கு: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.